சிறைவாசத்தின் விளைவை அளப்பது எப்படி?

சிறையிலிருந்து வெளியே வந்தவர்களில் பலர் மீண்டும் குற்றம் செய்கிறார்கள் என்பதைக் காட்டி, சிறைதான் அவர்களைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. கடும் குற்றம் புரிந்தவர்களும் பழைய வழக்குகள் உள்ளவர்களுமே பெரும்பாலும் சிறைக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பதால், தண்டனையே பெறாமல் இருந்திருந்தாலும் அவர்கள் மறுபடி தவறு செய்யும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஆய்வாளர்கள் நீதிமன்ற நடைமுறையையே பயன்படுத்துகிறார்கள். வழக்குகள் முறைப்படி பிரித்து ஒதுக்கப்படும்போது, யாருடைய வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது தற்செயலாக அமைகிறது. நீதிபதிகளில் சிலர் கண்டிப்பானவர்கள், சிலர் இளகியவர்கள். ஆகவே, ஏறத்தாழ ஒரே தன்மையுள்ள இருவரில் ஒருவர் சிறைக்குப் போக, இன்னொருவர் வெளியில் இருக்கும் நிலை உண்டாகிறது. அவ்விருவரின் பிற்கால வாழ்க்கையை ஒப்பிட்டால் சிறையின் விளைவு தனியே தெரியும். எந்த நீதிபதியும் சிறைக்கே அனுப்பும் கொலைக் குற்றவாளியைப் பற்றி இம்முறை எதுவும் சொல்லாது என்பதையும் மறக்கக்கூடாது.

நார்வேயில் இவ்வாறு செய்யப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், சிறை சென்றவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு 27 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் குறைந்திருந்தது. இந்த முன்னேற்றம் முழுவதும், சிறைக்கு வருமுன் வேலையில்லாமல் இருந்தவர்களிடமே காணப்பட்டது. நார்வேயில் சிறைவாசம் பெரும்பாலும் ஓராண்டுக்கும் குறைவு. கல்வி, மருத்துவம், வேலைப் பயிற்சி ஆகியவற்றை ஊரில் எல்லோருக்கும் வழங்கும் அதே பொது அமைப்புகளே சிறைக்குள்ளும் வழங்குகின்றன. வேலையற்றவர் அங்கே ஒரு தொழிலைப் பெற்றார். ஏற்கெனவே வேலையில் இருந்தவரோ அதை இழந்தார். அவரது குற்ற நடத்தையிலும் மாற்றமில்லை. என் பார்வையில், இந்த ஆய்வு கற்பிப்பவற்றுள் இந்த வேறுபாடே முதன்மையானது.

அமெரிக்காவில் ஹியூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுன்டியில் இதே முறையைக் கையாண்ட ஆய்வு நேர்மாறான முடிவைத் தந்தது: சிறைவாசம் நீள நீள, விடுதலைக்குப் பின் வேலைவாய்ப்பு குறைந்தது, குற்றம் கூடியது, அரசின் உதவித்தொகையை நம்பி வாழ்வதும் கூடியது. சமூகம் செலுத்தும் விலை சிறைத்துறையின் வரவு செலவுக் கணக்கோடு முடிவதில்லை.

தண்டனைக்கு முந்தைய காவலும் அளக்கப்பட்டுள்ளது. பிலடெல்பியா, மயாமி நகரங்களின் பிணை வழக்குகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வின்படி, உள்ளே வைக்கப்பட்டவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெறுவது அதிகரித்தது. முறையான வேலை கிடைப்பது குறைந்தது. அடைபட்டிருந்தபோது தடுக்கப்பட்ட குற்றங்களை, பின்னாளில் கூடிய குற்றங்கள் ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டன.

இந்தியாவுக்கு இது மிக நெருக்கமான செய்தி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நம் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கில் மூவருக்கு அவர்கள் அடைக்கப்பட்டிருந்த வழக்கில் தீர்ப்பே வரவில்லை. பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காததால் உள்ளேயே இருப்பவர்களும் உண்டு. பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்ததை 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முன்பு தண்டனை பெறாதவர் தம் மீதான குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால், சில விலக்குகளுக்கு உட்பட்டு, அவரைப் பிணையில் விடச் சொல்கிறது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆனால், மூன்றாண்டு வரை தண்டனைக்குரிய திருட்டு வழக்கில் அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது ஓராண்டு; தினக்கூலித் தொழிலாளி தம் வேலையை இழக்க முதல் சில வாரங்களே போதும்.