டார்லிங்டன் ஏன் கான்டுவை விட்டது?

டொரோன்டோவுக்குக் கிழக்கே ஏரிக்கரையில் இருக்கும் டார்லிங்டன் அணுமின் நிலையத்தில் நான்கு கான்டு உலைகள் இருக்கின்றன. கனடாவே வடிவமைத்த உலை, ஆட்களுக்குப் பல வருடப் பழக்கம். அப்படியிருந்தும் நிலையத்தை விரிவாக்க 2021 டிசம்பரில் அதை நடத்துபவர்கள் தேர்ந்தெடுத்தது ஜிஇ ஹிட்டாச்சியின் பிடபிள்யூஆர்எக்ஸ்-300 என்ற வேறு வகை உலையை.

முதலில் கான்டு. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யு-235 வெறும் 0.7 சதவீதம்தான். அவ்வளவு குறைவாக இருக்கும்போது அதைப் பிளக்கும் நியூட்ரான்களை வீணாக்க முடியாது, ஆனால் சாதாரணத் தண்ணீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும்போதே நிறைய விழுங்கியும் விடும். கான்டுவில் இருப்பது கனநீர், அதாவது கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர், அது விழுங்குவது மிகக் குறைவு. அதனால் செறிவூட்டாத, அதாவது யு-235 பங்கைக் கூட்டாத யுரேனியமே போதும், இன்னொரு நாட்டிடம் போய் நிற்க வேண்டாம். கல்பாக்கத்தின் முதல் இரண்டு உலைகளும் இதே குடும்பம்தான். சிக்கல் குழாய்களில். டார்லிங்டனின் ஒவ்வொரு உலையிலும் 480 எரிபொருள் குழாய்கள், நியூட்ரான் அடி வாங்கி வாங்கி அவை தொய்ந்துபோகும், நடுவயதில் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். 2016-இல் தொடங்கிய அந்தப் புதுப்பிப்புக்கு ஒதுக்கியது 1,280 கோடி கனடிய டாலர்.

புதிய உலையில் கனநீரும் இல்லை, இத்தனை குழாய்களும் இல்லை. ஒரே உயரமான கலத்துக்குள் சாதாரணத் தண்ணீர் கொதிக்கிறது, அந்த நீராவியே நேராக டர்பைனுக்குப் போகிறது. சூடான நீரும் நீராவியும் இலேசாகி மேலே ஏற, குளிர்ந்த நீர் பக்கவாட்டில் கீழே இறங்குவதால், சுற்றிவிட பம்பு தேவையில்லை. மின்சாரம் அறுந்துபோனால் நீராவி மேலே உள்ள குளத்தில் மூழ்கியிருக்கும் குழாய்களுக்குப் போய், நீராகி, தன் எடையாலேயே திரும்பி வரும். இப்படி ஏழு நாள் தாக்குப்பிடிக்கும் என்பது வடிவமைப்பு. இங்கே இந்தப் பாதையைத் திறக்கும் வால்வுதான் உயிர்நாடி. ஃபுகுஷிமாவின் முதல் உலையிலும் இந்த மாதிரிக் குளிர்விப்பான் இருந்தது, ஆனால் சுனாமியில் மின்சாரம் போனபோது அதன் வால்வுகள் மூடிக்கிடந்தன. அதனால் புதியதில் மின்சாரம் போனால் வால்வு தானாகத் திறக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

போட்டியில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எக்ஸ்-எனர்ஜியின் உலை ஹீலியம் வாயுவால் குளிர்வது, டெரஸ்ட்ரியல் எனர்ஜியினுடையது உருகிய உப்பால். இரண்டும் அழகான யோசனைகள். ஆனால் முதலாவதுக்கு வழக்கத்தைவிட அதிகம் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும், இரண்டாவது மாதிரி உலை எங்குமே வணிக ரீதியாக ஓடியதில்லை. பிடபிள்யூஆர்எக்ஸ்-300 எரிக்கப்போவதோ ஏற்கெனவே பல உலைகளில் எரிந்துகொண்டிருக்கும், இலேசாகச் செறிவூட்டிய எரிபொருள். என்னைக் கேட்டால், முடிவைத் தீர்மானித்திருக்க வேண்டியதும் இதுதான். உலையை எப்படியாவது கட்டிவிடலாம், அதற்கு அறுபது வருடம் எரிபொருள் தருவது யார்?

அந்தக் கேள்வி இங்கேயும் முழுசாகத் தீரவில்லை. சஸ்காட்சவன் மாகாணத்தில் யுரேனியம் கொட்டிக்கிடந்தும் கனடாவில் செறிவூட்டும் ஆலை கிடையாது, கான்டு தந்த சுதந்திரம் போயேபோச்சு. அது சின்ன இழப்பில்லை.

அப்புறம் பணம். 2025 மே மாதம் ஒன்டாரியோ மாகாண அரசு ஒப்புதல் கொடுத்த நான்கு புதிய உலைகளுக்கு, மொத்தம் 1,200 மெகாவாட்டுக்கு, 2,090 கோடி கனடிய டாலர். இதில் முதல் உலையும் பொதுவான வேலைகளும் மட்டும் 770 கோடி. ஒரே உலையைத் திரும்பத் திரும்பக் கட்டினால் செலவு இறங்கும் என்பது அவர்கள் கணக்கு, ஆனால் இந்த வகையில் உலகிலேயே முதல் உலை இதுதான் என்பதால், அதைச் சரிபார்க்க இதற்கு முன் கட்டிய இன்னொன்று இல்லை.