தடைக்காலத்தில் என் மேசைக்கு வரும் நஷ்டக் கணக்குகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இயந்திரத்தைப் பிரித்துப் பழுது பார்ப்பது, வலை சீர் செய்வது, படகுக்கு வண்ணம் அடிப்பது ஆகிய வேலைகளுக்கிடையே வரவு செலவைப் பார்க்கவும் சம்மாட்டிகளுக்கு, அதாவது படகு உரிமையாளர்களுக்கு, அப்போதுதான் நேரம் கிடைக்கிறது. ராமநாதபுரத்தில் ஆடிட்டராக இருக்கும் எனக்கும் வருமான வரிக் கணக்குகளைக் கையில் எடுக்கும் காலம் அதுவே. டீசல் பில், ஐஸ் பில், நண்டு கம்பெனி கொடுத்த ரசீது என்று மட்டுமே இருந்த அந்தக் கோப்புகளில், சில ஆண்டுகளாகப் பங்குத் தரகுச் செயலியிலிருந்து இறக்கிய லாப நஷ்ட அறிக்கை ஒன்றும் சேர்ந்து வருகிறது. பெரும்பாலும் அது சம்மாட்டியுடையதன்று, அவருடைய மகனுடையது.

அண்மையில் அப்படி வந்த ஒரு தந்தை, மகன் ஷேரில் பணம் போட்டிருப்பதாகவும் அந்த ஷேர்களை இப்போது விற்கலாமா, வைத்திருக்கலாமா என்றும் கேட்டார். அறிக்கையைத் திறந்து பார்த்தேன். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்கில் ஒரு நிறுவனத்தின் ஒரு பங்குகூட இல்லை. பக்கம் பக்கமாக இருந்தவை எல்லாம், 50 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கொண்டு கணக்கிடும் நிஃப்டி குறியீட்டின் வாராந்திர ஆப்ஷன்கள். காலையில் வாங்கி மதியத்தில் விற்றவை, பத்து நிமிடத்தில் விற்றவை, விற்க முடியாமல் காலாவதி நாளில் பூஜ்யமானவை. விற்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை என்பதை அவருக்குப் புரிய வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

பங்கு வாங்குவதும் ஆப்ஷன் வாங்குவதும் ஒன்றல்ல என்பதை நம் பகுதியில் இன்னும் பலர் அறியவில்லை. பங்கு என்பது ஒரு நிறுவனத்தின் உரிமையில் ஒரு சிறு பகுதி. விலை இறங்கினாலும் அது கையில் இருக்கும். ஆப்ஷன் என்பது, குறியீடு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட அளவுக்கு மேலோ கீழோ இருக்கும் என்று எண்ணி, பிரீமியம் கொடுத்து வாங்கும் ஓர் உரிமை மட்டுமே. மீனே படாவிட்டாலும் படகில் ஏற்றிய ஐஸ் கரைவதைப் போல, சந்தை அசையாமல் நின்றாலும் ஆப்ஷனின் மதிப்பு நாளுக்கு நாள் கரையும். நிஃப்டி வாராந்திர ஒப்பந்தங்கள் 2025 செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமைகளில் காலாவதியாகின்றன. அன்று மாலைக்குள் எண்ணிய இடத்துக்குச் சந்தை வரவில்லை என்றால், கொடுத்த பிரீமியம் முழுவதும் போய்விடும்.

அந்த மகன் சொன்ன விளக்கத்தைப் பலரிடமும் கேட்டிருக்கிறேன். தனக்கு இன்னும் பயிற்சி போதவில்லை, நஷ்டத்தில் வெளியேறும் ஒழுங்கு கைவரவில்லை, அது வந்துவிட்டால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்றார். நஷ்டத்தைத் தன் குறையாக மட்டுமே பார்க்கும் இந்த நம்பிக்கையைத்தான் ஆய்வு முடிவுகள் தயவு தாட்சண்யமின்றி மறுக்கின்றன.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ பிரிவில், அதாவது ஆப்ஷனிலும், பின்னொரு நாளுக்கான விலையை இன்றே பேசி முடிக்கும் பியூச்சர்ஸிலும் வர்த்தகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களின் கணக்குகளை எடுத்துக்கொண்டது. அவர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். கட்டணங்களையும் சேர்த்து ஒருவரின் சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம் ரூபாய், எல்லோருடையதையும் கூட்டினால் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கட்டணம் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரு சதவீதம் பேர்தான். பெருநகரங்களின் பழக்கம் இது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு எண்ணைச் சொல்ல வேண்டும். முதல் 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள்தான் இந்த வர்த்தகர்களில் 72 சதவீதம். ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்று அறிவித்தவர்கள் நான்கில் மூன்று பங்குக்கும் மேல். அதாவது ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை போன்ற ஊர்கள் இந்தக் கணக்கின் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கின்றன. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் மூன்றாம் ஆண்டும் வர்த்தகத்தை விடவில்லை என்பதே அந்த ஆய்வில் என்னை மிகவும் உறுத்திய செய்தி.

பயிற்சி வந்தால் சரியாகும் என்ற வாதத்துக்குப் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் நேரடியாகவே பதில் தேடினார்கள். 2013 முதல் 2015 வரை அங்கே குறியீட்டு பியூச்சர்ஸில் தினசரி வர்த்தகத்தைத் தொடங்கியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, 300 நாள்களுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 சதவீதம் பேர் நஷ்டத்தில் முடிந்தார்கள்; அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைவிட அதிகம் சம்பாதித்தவர்கள் 1.1 சதவீதம் பேர். நாள் போகப் போகக் கற்றுக்கொண்டு தேறியதற்கான அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் ஆகிய இரு பேராசிரியர்கள் அமெரிக்காவில் ஒரு தரகு நிறுவனத்தின் 66,465 குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆப்ஷன் அல்ல, வெறும் பங்குகள்தான். 1991 முதல் 1996 வரை சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் ஈட்டியது. மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் பெற்றதோ 11.4 சதவீதம்.

இடையில் பணம் எங்கே போகிறது என்பதை அந்த மகனுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பல தரகுச் செயலிகள் ஓர் ஆணைக்கு 20 ரூபாய் வாங்குகின்றன. வாங்க ஒன்று, விற்க ஒன்று, ஆக 40 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 47 ரூபாய் 20 காசு. நாளுக்குப் பத்து முறை என்றால் 472 ரூபாய். மாதத்துக்கு 20 வர்த்தக நாள்கள் என்று வைத்தால் 9,440 ரூபாய், ஆண்டுக்கு 1,13,280 ரூபாய். பங்குப் பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், முத்திரைக் கட்டணம் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. ஆப்ஷன் விற்கும்போது செலுத்தும் பரிவர்த்தனை வரியே 2024 அக்டோபரில் 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாக உயர்ந்தது. அவர் போட்ட மூலதனமோ 2 லட்சம் ரூபாய்தான். ஆண்டுக்கு 56 சதவீதத்துக்கு மேல் லாபம் வந்தால்தான் தரகுக் கூலியையே மீட்க முடியும். மீன் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஏலக் கமிஷன் நிற்காது என்பதை அறிந்த தந்தைக்கு, இந்த இடத்தில் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்ப்புறம் நிற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2023-24இல், கட்டணங்களைக் கணக்கில் கொள்வதற்கு முன், தரகு நிறுவனங்களின் சொந்த வர்த்தகப் பிரிவுகள் 33,000 கோடி ரூபாயும் அந்நிய நிறுவன முதலீட்டாளர்கள் 28,000 கோடி ரூபாயும் லாபம் எடுத்தார்கள். அதே ஆண்டில் தனிநபர் முதலானோர் இழந்தது 61,000 கோடி ரூபாய்க்கு மேல். முதல் இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மூன்றாவது எங்கே போனது என்று தெரியும். அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் கணினி நிரல்கள் தாமாகவே செய்த வர்த்தகத்தால் வந்தது. உச்சிப்புளியில் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தட்டுபவர் போட்டியிடுவது இவற்றோடுதான்.

கட்டுப்பாடுகள் வராமல் இல்லை. 2024 அக்டோபர் 1 அன்று செபி வெளியிட்ட சுற்றறிக்கை, ஒரு சந்தைக்கு ஒரே ஒரு குறியீட்டில் மட்டும் வாராந்திர ஒப்பந்தம் என்று சுருக்கியது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனாலும் 2024-25இல் தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள், கட்டணங்களையும் சேர்த்த நிகர நஷ்டம் முந்தைய ஆண்டின் 74,812 கோடியிலிருந்து 1,05,603 கோடி ரூபாயாகக் கூடியது. முந்தைய மூன்று ஆண்டுகளில் கூட்டம் பெருகியபோதே இதைச் செய்திருக்கலாம் என்பது என் கருத்து. 2021-22 நிதியாண்டில் 89 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதை 2023 ஜனவரியிலேயே செபி தன் அறிக்கையில் சொல்லிவிட்டதே.

இனி என் தொழிலைச் சேர்ந்த சில செய்திகள். நஷ்டம்தானே, வருமானம் இல்லையே என்று கணக்குத் தாக்கல் செய்யாமல் விடுவது நான் அதிகம் காணும் தவறு. எஃப் அண்ட் ஓ நஷ்டம் வரிச் சட்டப்படி தொழில் நஷ்டம்; உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால் அதை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று பிற்காலத் தொழில் வருமானத்தில் கழிக்கலாம். தேதி தவறினால் அந்த உரிமை போய்விடும். சம்பளத்தில் இதைக் கழிக்க முடியாது. தாயின் பெயரில் கணக்கு தொடங்கி மகன் வர்த்தகம் செய்யும் வீடுகளில், வியாபாரி என்று கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியவர் செயலியைத் திறந்தே பார்க்காத அந்தத் தாய்தான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பிறகும் பழைய உள்நாட்டு டிமேட் கணக்கையே ஓட்டிக்கொண்டிருப்பது அந்நியச் செலாவணி விதிகளை மீறுவதாகும். வாட்ஸ்அப் குழுவில் வரும் செயலி, செபியில் பதிவு செய்த தரகருடையதுதானா என்று பணம் அனுப்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

கடைசியாக அந்தத் தந்தை, மகனுடைய நஷ்டத்தைப் படகு வருமானத்தில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். படகு அவர் பெயரில், வர்த்தகக் கணக்கு மகன் பெயரில் என்பதால் முடியாது என்றேன். எஃப் அண்ட் ஓ பிரிவை மட்டும் முடக்கிவைக்கும் வசதி அந்தச் செயலியிலேயே இருந்தது. மகன் என் எதிரிலேயே அதைச் செய்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூலதனத்துக்காக வாங்கிய நகைக்கடனுக்கு இன்னும் வட்டி ஓடுகிறது. வரித் தாக்கலின் ஒப்புகைச் சீட்டை அச்செடுத்துக் கொடுத்தபோது, தந்தை அதை வாங்கி நகைக்கடன் அட்டையோடு சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது இரண்டில் எது என்று வாசல் வரை போய்த் திரும்பி வந்து ஒருமுறை கேட்டுக்கொண்டார்.