யூனிவர்சல் கிரெடிட்: மாதச் சம்பள வீட்டுக்காக எழுதிய கணக்கு

பிரிட்டனில் வருமானம் குறைந்தவர்களுக்கு வாடகைக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, வேலை தேடுவோருக்கு ஒன்று என ஆறு தனித்தனி உதவித்தொகைகள் இருந்தன. கன்சர்வேட்டிவ் தலைமையிலான கூட்டணி அரசு 2012இல் சட்டம் இயற்றி அவற்றை யூனிவர்சல் கிரெடிட் என்ற பெயரில் ஒன்றாக்கியது. இயன் டங்கன் ஸ்மித் அப்போது வேலை, ஓய்வூதியத் துறை அமைச்சர். ஆறு படிவத்துக்கு ஒரு படிவம் என்பதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் விதிகளை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது மாதச் சம்பளமும் ஒரே பணப்பையும் அதிகம் போனால் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீடு. அந்த அளவில் அடங்காதவர்கள்தான் இன்றுவரை மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பிள்ளை உள்ளவர்களுக்கும் உடல்நலக் குறைவால் வேலைத்திறன் குறைந்தவர்களுக்கும் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கணக்கில் எடுக்காமல் கழிவாக விட்டுவிடுவார்கள். 2025-26இல், வாடகை உதவியும் சேர்த்துப் பெறுபவருக்கு அது மாதம் 411 பவுண்டு. அதற்கு மேல் கையில் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவித்தொகையில் 55 பென்ஸ் வெட்டு. கைக்கு 1,200 பவுண்டு வந்தால் 789இல் 55 சதவீதம், அதாவது 433.95 பவுண்டு குறையும்.

இந்தக் கழிவு தம்பதிக்குச் சேர்த்து ஒன்றுதான். கணவரின் சம்பளமே அதைத் தின்றுவிட்டால், மனைவி பகுதிநேர வேலைக்குப் போகும்போது அவருடைய முதல் பவுண்டிலிருந்தே வெட்டு விழும். பஸ் கட்டணத்தையும் கழித்துப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று அவர் நினைத்தால் அது சோம்பல் அல்ல.

அடுத்த பொறி சம்பளத் தேதி. நீங்கள் விண்ணப்பித்த நாளிலிருந்து மாதாமாதம் ஒரு கணக்குக் காலம் ஓடும். பராமரிப்பு இல்லங்களிலும் சூப்பர்மார்க்கெட்டுகளிலும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் தருவது வழக்கம். அப்படியானால் ஆண்டுக்கு 13 சம்பளம், ஒரு கணக்குக் காலத்தில் இரண்டு வந்து விழும். மேலே சொன்னவருக்கே 2,400 பவுண்டு ஒரே காலத்தில் வந்ததாகக் கொண்டால் வெட்டு 1,093.95. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு நாள் தள்ளி இப்படி இரண்டு சம்பளம் சேர்ந்துவிட்டால், அடுத்த காலத்தில் சம்பளமே இருக்காது, கழிவும் வீணாகும், 226 பவுண்டு நட்டம். நான்கு தாய்மார் வழக்குப் போட்டு 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது இதற்காகத்தான். அதன்பின் மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு சம்பளத்தை வேறு காலத்துக்கு மாற்ற விதி வந்தது. ஆன்லைன் கணக்கில் செய்தி எழுதும் பகுதியான ஜர்னலில் எழுதிக் கேளுங்கள். நான்கு வாரச் சம்பளத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இரட்டைச் சம்பளத்தால் தொகை பூஜ்யமாகிக் கணக்கு மூடப்பட்டால், 6 மாதத்துக்குள் மறுபடி விண்ணப்பியுங்கள். பழைய தேதிகளே தொடரும், ஐந்து வாரக் காத்திருப்பு மறுபடி வராது.

அந்த ஐந்து வாரம் முதல்முறை எல்லோருக்கும் உண்டு. இடையில் தரும் முன்பணம் கடன்தான், 24 மாதம் வரை பிடித்துக்கொள்வார்கள். வாடகைப் பாக்கி தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

டாக்சி ஓட்டுபவர், சிறு கடை வைத்திருப்பவர் போன்ற சுயதொழிலாளர்களுக்கு முதல் 12 மாதம் சலுகை. பிறகு, வருமானம் எவ்வளவு குறைந்தாலும், பொதுவாக வாரம் 35 மணி நேரம் குறைந்தபட்ச ஊதியத்தில் உழைத்ததாகவே கணக்கு. வியாபாரம் படுத்த மாதத்திலும் வராத வருமானத்துக்கு வெட்டு விழும்.

தம்பதியின் பணம் ஒரே வங்கிக் கணக்குக்குப் போகும். யாருடைய கணக்கு என்பதை நீங்களே சொல்லலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருடைய கணக்கைக் கொடுக்கும்படி 2019 முதல் அறிவுறுத்துகிறார்கள். அடி உதை, பணத்தைப் பிடுங்கிவைத்தல் போன்ற நிலையில் பிரித்துத் தரக் கேட்கலாம். ஆனால் ஒருவருக்குத் தொகை குறைந்ததும் மற்றவருக்குத் தெரிந்துவிடும். அதனால் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டு கேட்பது நல்லது.

2017 ஏப்ரல் 6 அன்றோ அதன் பின்னோ பிறந்த மூன்றாவது பிள்ளைக்குத் தொகை கிடையாது என்பது அப்போதைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2015இல் அறிவித்த விதி. 2025-26 கணக்கில் அந்தப் பிள்ளைக்கு மாதம் 292.81 பவுண்டு இழப்பு. மூன்றோ அதற்கு மேலோ பிள்ளைகள் உள்ள வீடுகள் அதிகமுள்ள பாகிஸ்தானிய, வங்கதேசச் சமூகங்களை இது கூடுதலாகத் தாக்கியது. பலாத்காரத்தால் உண்டான கருவுக்கு விலக்கு இருந்தது, ஆனால் தாய் அதை ஒரு மருத்துவரிடமோ சமூகப் பணியாளரிடமோ சொல்லிப் படிவம் வாங்க வேண்டியிருந்தது. இந்த வரம்பை 2026 ஏப்ரல் முதல் நீக்குவதாகத் தொழிற்கட்சி நிதியமைச்சர் ராச்சல் ரீவ்ஸ் 2025 நவம்பரில் அறிவித்தார்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிடாது. மொத்த உதவிக்கு உச்சவரம்பு தனியாக இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், பிள்ளையுள்ள குடும்பத்துக்கு லண்டனில் ஆண்டுக்கு 25,323 பவுண்டு, வெளியே 22,020. வாடகை அதிகமான வீட்டில் மூன்றாவது பிள்ளைக்கான தொகை இந்த வரம்பில் முட்டி நின்றுவிடும். குடும்பத்தின் சம்பளம் வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாக இருந்தால் உச்சவரம்பு பொருந்தாது.

தமிழ்க் குடும்பங்கள் தவறவிடும் இரண்டு விஷயங்கள். சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் உதவி இல்லை. யாழ்ப்பாணத்தில் உங்கள் பேரில் கிடக்கும் காணியும் அந்தக் கணக்கில் சேரும். மறைத்தால் பின்னர் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இன்னொன்று விசா. துணைவரின் விசாவில் பொதுநிதி, அதாவது அரசு உதவித்தொகை, பெறத் தடை இருந்தால், உரிமையுள்ளவருக்குத் தனி ஆளுக்கான தொகைதான் கிடைக்கும், ஆனால் துணைவரின் சம்பளமும் சேமிப்பும் கணக்கில் சேர்க்கப்படும்.

முடிவு தவறென்று பட்டால் ஒரு மாதத்துக்குள் ஜர்னலில் மறுபரிசீலனை கேளுங்கள். அதுவும் மறுக்கப்பட்டால், அந்தக் கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை. சம்பளச் சீட்டுகளையும் ஜர்னல் பக்கங்களின் படங்களையும் தேதிவாரியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான வழக்குகள் தேதியில்தான் நிற்கின்றன.