க்ராகி: ஓர் அங்கியிலிருந்து கிளம்பிய தள்ளாட்டம்

அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்த வாசகர் ஒருவரிடம் செவிலியர், "க்ராகியாக (groggy) இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். இவரும் தலையாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து ஆங்கில அகராதியைப் புரட்டினால் 'குடித்துத் தள்ளாடும்' என்றும் ஒரு பொருள். "வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை ஐயா, இது என்ன நியாயம்?" என்று எழுதியிருக்கிறார்.

செவிலியர் கேட்டது மயக்க மருந்து தெளியாத மந்தத்தை. இன்றைய பேச்சு வழக்கில் அதுதான் பொருள். ஆனால் அகராதியும் பொய் சொல்லவில்லை.

1740 ஆகஸ்டில் ஜமைக்காவில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன் ஓர் ஆணை போட்டார். மாலுமிகளுக்குத் தினமும் கிடைத்த அரை பைன்ட் ரம்மை இனி ஒரு குவார்ட் (இரண்டு பைன்ட்) தண்ணீரில் கலந்தே கொடுக்க வேண்டும். அதையும் இரு வேளையாக. அதாவது ஒரு பங்கு ரம்முக்கு நாலு பங்கு தண்ணீர். மாலுமிகளின் வயிற்றெரிச்சல் அந்தப் பானத்துக்குப் பெயராக விடிந்தது. வெர்னன் எப்போதும் க்ராக்ரம் என்ற முரட்டுத் துணியில் தைத்த அங்கி அணிபவர். அதனால் அவருக்கு 'கிழட்டு க்ராக்' என்று பட்டப்பெயர். தண்ணீர் ரம்மும் 'க்ராக்' ஆயிற்று.

இங்கேதான் எனக்குப் பள்ளி இலக்கண வகுப்பு நினைவுக்கு வருகிறது. 'கார் அறுத்தான்' என்பதில் கார் முதலில் கருமை. பிறகு மேகம், மேகம் பொழியும் பருவம், கடைசியில் அப்பருவத்து நெல். ஒரு பெயர் மூன்று முறை வேறொன்றுக்கு ஆகிவந்தால் மும்மடி ஆகுபெயர்! க்ராக்கும் அதே படிகளில்தான் இறங்குகிறது: துணி, அங்கி, ஆள், பானம். பிறகு ஓர் இகரம் ஒட்டிப் பெயரடையாகி, 1770 வாக்கில் 'க்ராகி' என்றால் குடிகாரத் தள்ளாட்டம்.

அடுத்த படிதான் அழகு. 19ஆம் நூற்றாண்டில் குத்துச்சண்டை மேடையில் அடி வாங்கித் தள்ளாடுபவனையும் அப்படியே அழைத்தார்கள். அவன் வாங்கியது குத்து மட்டுமே. சாராயம் ஆவியாகித் தள்ளாட்டம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. வாசகர் மீது விழுந்தது இந்த மிச்சம்தான்.

ரம் பீப்பாய்களில் பொறித்த முதலெழுத்துகள் சேர்ந்தே க்ராக் ஆனது என்று ஒரு கதையும் உலவுகிறது. நம்பாதீர்கள். 20ஆம் நூற்றாண்டுக்கு முன் முதலெழுத்துகளால் பிறந்த ஆங்கிலச் சொற்கள் மிக அரிது. ஆனாலும் பழைய சொல் எதைக் கண்டாலும் அதற்கு நான்கு பெரிய எழுத்துகளைத் தேடிக் கிளம்ப யாராவது ஒருவர் இருக்கிறார். எண்கணித சோதிடருக்கு உடன்பிறந்தவர் போல.