பூச்சி பொட்டு இருக்கும், பாத்துப் போ சாமி: பாம்புக்கடியில் அம்மா சொல்லும் கேட்கலாம், கேட்கக் கூடாது

ஈரோடு மாவட்டத்துக் கோபி, சத்தி, அந்தியூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். பூச்சி என்பார்கள். "பூச்சி பொட்டு இருக்கும், பேட்டரி எடுத்துட்டுப் போ சாமி" என்று வாசலில் நின்று அம்மா சொல்லாத ராத்திரி குறைவு. பாம்புக்கடிக்கு வைத்தியம் பார்ப்பவர்களுக்கு அந்த ஒரு வரியின் அருமை தெரியும். கடிபடும் முன் அம்மாக்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. கடிபட்ட பிறகு அதே வாயிலிருந்து வருவதில்தான் சிக்கல்.

"வெறுந்தரையில படுக்காதே" என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். இது கட்டுவிரியனுக்காகவே பிறந்த சொல். கருத்து மினுமினுக்கும் உடல், மெல்லிய வெள்ளைப் பட்டைகள், பகலில் மந்தம். எலி, பல்லி தேடி நள்ளிரவுக்கு மேல் வீட்டுக்குள் வரும். பாயில் புரண்டு படுப்பவரின் கையோ தோளோ மேலே பட்டால் கடித்துவிடும். பல் சின்னது. எறும்பு கடித்தாற்போலத்தான் இருக்கும், வீக்கம் இருக்காது, பல நேரம் தடமே தெரியாது. விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றுவலி, வாந்தி. "வாயு புடிச்சிருக்கும்" என்று ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். அதற்குள் நாக்குக் குழறி, எச்சில் விழுங்க முடியாமல், இமை தொங்க ஆரம்பிக்கும். அடுத்து மூச்சு. ஆகவே ராத்திரி தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலியோடு எழுந்து கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் கட்டுவிரியன் கடித்ததாகவே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கட்டில் நல்லது, அதைவிட நல்லது கொசுவலை. வலையின் நாலு ஓரத்தையும் மெத்தைக்கோ பாய்க்கோ அடியில் செருக வேண்டும். சும்மா தொங்கவிட்ட வலையால் பயனில்லை. கட்டிலிலிருந்து தரை வரை தொங்கும் போர்வை பாம்புக்கு ஏணி. கதவுக்கு அடியில் சுண்டுவிரல் நுழையும் சந்து இருந்தால்கூடக் குட்டி விரியன் வந்துவிடும். ரப்பர் பட்டை அடித்துவிடலாம்.

"செருப்பைத் தட்டிப் போடு", "வெறகக் குச்சியில தட்டிட்டு எடு", "தவிட்டு மூட்டைய வாசக்கால்கிட்ட அடுக்காதே, எலி வரும்." மூன்றுமே சரி, விளக்கம் தேவையில்லை.

"தடியத் தட்டிக்கிட்டே போ" என்பதற்கு மட்டும் ஒரு திருத்தம். தரையின் அதிர்வை உணர்ந்து நல்ல பாம்பு பெரும்பாலும் நகர்ந்துவிடும். கண்ணாடி விரியன் அப்படியில்லை. கரும்புச் சோகைக்குள்ளும், அறுத்துப் போட்ட மஞ்சள் தழைக்குள்ளும் சுருண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும். குக்கர் ஆவி விடுவதுபோலச் சீறும், மிதித்தால் கடிக்கும். அதனால் தடியைவிட வெளிச்சமும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும்தான் காப்பு. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் தண்ணீர் கட்ட ராத்திரியில்தான் போயாக வேண்டும். வெறுங்காலோடு, செல்போன் வெளிச்சத்தில் வரப்பில் நடப்பவர்கள்தான் அதிகம். அந்த வெளிச்சம் வரப்போரத்துக்குப் போதாது. நெற்றியில் மாட்டும் விளக்கு வாங்கிக்கொண்டால் மண்வெட்டி பிடிக்க இரண்டு கையும் மிச்சம். வீட்டைச் சுற்றிப் பூண்டு தட்டிப் போடுவது, சிறியாநங்கை நடுவது இவற்றை நம்பிப் பாம்பு வராது என்று இருந்துவிடாதீர்கள்.

(கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று மரத்தில் ஏறிப் பார்க்கும் என்பார்கள். பாவம், அதன் கடி மனிதரைக் கொல்லாது.)

இனி, கேட்கக் கூடாதவை. முதல் தவறு "பூச்சிதான் கடிச்சிருக்கும்" என்பது. இருட்டில் பாம்பைப் பூச்சி என்று அழைத்துப் பழகிய வீட்டில், குழந்தை "ஏதோ கடிச்சிருச்சு" என்று அழுதால் அதே சொல் சமாதானமாகிவிடுகிறது. சுண்ணாம்பு தடவிப் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

"மேல ஏறாம இறுக்கிக் கட்டு" என்பது அடுத்தது. தாம்புக்கயிறோ துண்டோ போட்டு இறுக்கினால் ரத்தம் நின்று கால் கறுக்கும். கண்ணாடி விரியன் விஷம் சதையை அரிப்பது. அதை ஒரே இடத்தில் தேக்கி வைத்தால் விரலோ காலோ போகும். ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்க வேண்டாம், தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும். மருத்துவமனையில் பார்த்து அவிழ்ப்பார்கள். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம். வேப்பிலை, மிளகாய் மெல்லக் கொடுத்து "கசக்குதா, காரமா இருக்குதா" என்று சோதிப்பது ஆபத்து. விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கும்.

"தூங்க விடாதே" என்று கன்னத்தில் தட்டுவார்கள், முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். விழித்திருப்பதால் விஷம் இறங்காது. அவர் தூங்கவும் இல்லை. இமைத் தசை செயலிழந்திருக்கிறது. பேசுவதெல்லாம் காதில் விழுந்துகொண்டிருக்கும். அதற்குப் பதில் மேலே விட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நெற்றி சுருங்கியும் இமை ஏறாவிட்டால் அதுதான் அறிகுறி. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். முதலில் இருபது வரை எண்ணியவர் கால் மணி நேரத்தில் பத்தில் நின்றால் மூச்சுத்தசை தளர்கிறது. இதை வண்டியிலேயே பார்க்கலாம். டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் தகவல் இது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல் கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கடிபட்ட காலை மரச்சட்டத்தோடு தளரக் கட்டி அசையாமல் வைத்து, தூக்கிக்கொண்டு போங்கள். நடக்க விடாதீர்கள். 108 வர நேரமாகுமென்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பை அடித்து எடுத்துவர வேண்டாம். வெட்டிய தலையும் சற்று நேரம் கடிக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே ஒரே மருந்துதான். பக்கத்தில் விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் எங்கே இருக்கின்றன என்பதைச் சாதாரண நாளிலேயே விசாரித்து வையுங்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

"ஊசி போடாம சும்மா படுக்க வெச்சிருக்கறாங்க" என்ற கோபம் வார்டில் அடிக்கடி எழுகிறது. குதிரை ரத்தத்திலிருந்து செய்யும் மருந்து அது. அரிப்பிலிருந்து ரத்த அழுத்தம் சரிவது வரை ஒவ்வாமை வரலாம். ஆகவே விஷம் ஏறிய அடையாளம் தெரிந்த பிறகுதான் போடுவார்கள். அதற்கு ஒரு எளிய சோதனை: 2 மில்லி ரத்தத்தை ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்ப்பது. உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம். முதல் தவணை வழக்கமாக 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. முதல் சோதனையில் ரத்தம் உறைந்தாலும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் இருக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் கூட இருக்கும் அம்மாவுக்கு ஒரு வேலை உண்டு. பையன் கடைசியாக எப்போது சிறுநீர் போனான், எவ்வளவு, என்ன நிறம் என்று பார்த்து நர்ஸிடம் சொல்வது. கண்ணாடி விரியன் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் அங்கேதான் முதலில் தெரியும்.