ஈரப் புல் டெக்கைத் தின்னும்: ஓட்டும் புல்வெட்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

நுவரெலியா, ஹட்டன் பக்கம் பங்களாப் புல்தரை காய்ந்து கிடக்கும் நாள் குறைவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, மற்ற நேரமும் மழை, பனி. வெட்டிய ஈரப் புல், பிளேட்டுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடான டெக்கின் அடியில் அப்பி, காற்றோட்டத்தை அடைக்கும். புல் நிமிராது, வெட்டு பிசிறும். உடனே பிளேட்டைத் தீட்டுவார்கள். பல நேரம் கோளாறு அங்கே இருப்பதில்லை.

முதலில் சாவியை எடுத்து, பிளக் வயரைக் கழற்றுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீர்கள். டெக்கைக் கழற்றி வெளியே எடுத்துவிடுவதே நல்லது. அடியில் ஒட்டியதை மரத்துண்டால் சுரண்டுங்கள். பிரஷர் தண்ணீரை ஸ்பிண்டில் (பிளேட் சுழலும் அச்சு) மேல் அடித்தால் சீலைத் தாண்டி உள்ளே போகும். கிறீஸ் கழன்று பெயாரிங் துருப்பிடிக்கும். சர்வீஸில் பளபளவென்று கழுவி வரும் டெக்தான் சீக்கிரம் கத்தத் தொடங்கும்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கப்பியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தாலோ, கையுறை போட்டு பிளேட் நுனியை மேலும் கீழும் அசைக்கும்போது ஆடினாலோ, அந்த ஸ்பிண்டிலின் மேல் கீழ் பெயாரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். எண் பழையதின் ஓரத்திலேயே இருக்கும்: 6203 என்றால் 17 × 40 × 12 மி.மீ., 6204 என்றால் 20 × 47 × 14. இருபக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஹவுசிங்கில் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டுமே அடி விழவேண்டும். உள் வளையத்தில் தட்டினால் குண்டுகள் தடம் பதித்து, புதியதே சத்தம் போடும். இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய்த் துண்டு வரும். அதைப் போட மறந்து நட்டை இறுக்கினால் உள் வளையங்கள் நெருக்கப்பட்டு, பெயாரிங் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். புதுப் பெயாரிங் போட்டும் கோளாறு நிற்கவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

பிளேட்டைப் பழைய சரிவிலேயே தீட்டுங்கள். தீட்டும் சூட்டில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று. நடு ஓட்டையை ஆணியில் மாட்டினால் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. சாய்ந்தால் கனத்த பக்கத்தைத் தேயுங்கள். புல்லைத் தூக்கும் இறகு மடிப்பு மெலிந்ததையும் வளைந்ததையும் வீசிவிடுங்கள், வெல்டிங் பேச்சே வேண்டாம். போல்ட் இறுக்கத்துக்குக் கைநூல் அளவுதான் கணக்கு. சிலவற்றில் இடப்புரி வரும்.

பெல்ட்டின் பக்கங்கள் பளபளத்தாலோ வெடித்தாலோ மாற்றுங்கள்.

டெக்கின் மட்டம் பார்ப்பது கடைசி. முதலில் டயர் காற்றைச் சரிசெய்யுங்கள். மலையில் சமதளம் தேடுவதுதான் பாடு. கராஜ் சிமெந்துத் தரையிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இடமும் வலமும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கவேண்டும், பெரும்பாலும் 3 முதல் 10 மி.மீ. வரை.