‘ஆய்வு முறைகேடு’: சொல்லும் பொருளும்

மருத்துவ ஆய்வில் இல்லாத நோயாளியை இருப்பதாக எழுதுவது, கிடைத்த அளவீட்டைத் திருத்துவது, பிறர் எழுத்தைத் தமதாக வெளியிடுவது ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் ‘சயின்டிஃபிக் மிஸ்காண்டக்ட்’ என்ற ஒரே பெயரால் குறிக்கிறார்கள். அமெரிக்க அரசு 2000-இல் வெளியிட்ட வரையறை இவற்றைப் புனைவு, திரிப்பு, திருட்டு என வகுத்ததோடு, நேர்மையான பிழையும் கருத்து வேறுபாடும் இதில் சேரா என்றும் தெளிவாக்கியது. தமிழில் ‘ஆய்வு மோசடி’, ‘தவறான நடத்தை’, ‘ஒழுங்கீனம்’, ‘முறைகேடு’ எனப் பலவாறு எழுதுகிறார்கள். இவற்றுள் ‘முறைகேடு’ என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

‘காண்டக்ட்’ என்பதன் வேர், உடன் அழைத்துச் செல்லுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினை. அது நாளடைவில் ஒருவர் தம்மை நடத்திக்கொள்ளும் விதத்தைக் குறிக்கலாயிற்று. எனவே ‘தவறான நடத்தை’ என்பது சொல்லுக்குச் சொல் சரியே. ஆயினும் அச்சொல்லைக் கேட்டவுடன் நம் பார்வை குற்றம் செய்தவர்மேல் மட்டும் விழுகிறது. அவர் பணிபுரிந்த கல்லூரியும் அக்கல்லூரிக்கு விதி வகுத்த அமைப்பும் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

‘முறைகேடு’ என்பது முறை, கேடு என்னும் இரு சொற்களின் கூட்டு. ‘கெடு’ என்ற வினையடியின் முதலெழுத்து நீண்டு ‘கேடு’ ஆகிறது. இலக்கணத்தில் இது முதனிலை திரிந்த தொழிற்பெயர். ‘முறை’ என்பதற்கு ஒழுங்கு, நீதி, வரிசை, உறவு எனப் பல பொருள் உண்டு. ‘முறைகோடி மன்னவன் செய்யின்’ என்னும் குறளில் முறை ஆள்வோரின் பொறுப்பாக நிற்கிறது. கீழ்பவானிப் பாசனத்தில் ஒற்றைப்படை மதகுகளுக்கும் இரட்டைப்படை மதகுகளுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதை அறிந்த கொங்கு உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதபோது, இடையில் மோட்டார் வைத்து உறிஞ்சியவரை மட்டுமல்லாமல், முறையைக் கண்காணிக்க வேண்டியவரையும் அவர்கள் கேள்வி கேட்பார்கள்.

மருத்துவக் கல்லூரியிலும் கேட்க வேண்டியது அந்தக் கேள்விதான். காலை முழுவதும் புறநோயாளிப் பிரிவு, பிறகு வார்டு, வகுப்பு, தேர்வுப் பணி என்றிருக்கும் ஆசிரியருக்கு ஆய்வுக்கென நேரமோ நிதியோ ஒதுக்காமல், பதவி உயர்வுக்கு மட்டும் கட்டுரை எண்ணிக்கையை நிபந்தனையாக வைத்தால், எண்ணிக்கை எப்படியாவது வந்து சேரும். இந்திய மருத்துவ கவுன்சில் 2015-இல் தந்த விளக்கம், கட்டுரையின் முதல் இரண்டு ஆசிரியர்களுக்கே மதிப்பு என்றது. உழைத்தவர் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்படவும், உழைக்காத மேலதிகாரி முன்னிடம் பெறவும் இத்தகைய விதி இடம் தருகிறது. பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் தழைப்பதும் எண்ணிக்கைக்கு இருக்கும் இந்தத் தேவையால்தான்.

விதி வகுப்பதில் மட்டுமன்றி விசாரணையிலும் முறை கெடுவதற்கு சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் சான்று. அங்கே 2011-இல் செயற்கை மூச்சுக்குழாயைப் பொருத்திய அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினி தம் ஆய்வுக் கட்டுரைகளில் உண்மையைத் திரித்ததாக, உடன் பணிபுரிந்த நான்கு மருத்துவர்கள் புகார் அளித்தனர். வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட ஆய்வாளர் 2015 மே மாதத்தில் குற்றம் நிகழ்ந்ததாகவே அறிக்கை தந்தார். இருந்தும் அவ்வாண்டு ஆகஸ்டில் நிறுவனத் தலைமை மக்கியாரினியைக் குற்றமற்றவர் என்றது. 2016-இல் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று நடந்ததை வெளிக்கொணர்ந்த பின் துணைவேந்தர் பதவி விலகினார்; 2018-இல் அதே நிறுவனம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. புகழ்பெற்ற ஒருவரால் கிடைக்கும் பெயரும் நிதியும் பெரிதாக இருக்கையில், தன்னைத் தானே விசாரிக்கும் நிறுவனத்திடம் நடுநிலையை எதிர்பார்ப்பது கடினம்.

ஆகவே, இன்னார் இன்ன தரவைப் புனைந்தார் என்று ஒரு செயலைச் சுட்டும்போது ‘ஆய்வு மோசடி’ என எழுதலாம். அதற்கு இடமளித்த விதி, மறைத்த விசாரணை, பெயரை இரவலாகத் தந்த துறைத்தலைவர் அனைத்தையும் சேர்த்துச் சொல்ல ‘ஆய்வு முறைகேடு’ வேண்டும். ‘ஒழுங்கீனம்’ தாமதமாக வரும் ஊழியருக்கும் பொருந்துவதால் இங்கே அது வலுவற்றது. நேர்மையாக நேர்ந்த தவறுக்குப் ‘பிழை’ என்ற சொல்லே போதும்.